வால்பாறையில் இருவாச்சிக் கூடு பார்த்தேன், இப்போது என்ன செய்வது?

மலைக்காற்று

வணக்கம் நண்பர்களே. போன வாரம் குடும்பத்தோடு வால்பாறை போயிருந்தோம். தங்கிய இடத்துக்குப் பக்கத்தில் தேயிலைக்கு நடுவே, ஓடையை ஒட்டி ஒரு சின்னக் காட்டுத்துண்டு இருக்கிறது. அங்கே ஒரு பெரிய இருவாச்சி ஒரே மரத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தது. பைனாகுலரில் பார்த்தால் கண் நல்ல சிவப்பு. அடிமரத்தில் ஒட்டிக்கொண்டு, தொண்டையிலிருந்து ஒவ்வொரு பழமாக மேலே கொண்டுவந்து, அலகு நுனியில் பிடித்து ஒரு பிளவுக்குள் நீட்டியது. உள்ளேயிருந்து இன்னொரு அலகின் நுனி மட்டும் எட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டது. இது கூடுதானே?

ஆண் பறவை செத்துப்போனால் பெண்ணும் குஞ்சும் உள்ளேயே பட்டினியில் செத்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா? இடத்தைக் கேட்டு எங்கள் போட்டோ குழுவில் நச்சரிக்கிறார்கள், சொல்லலாமா? எல்லாவற்றையும் விடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. அந்த மரம் பொந்து விழுந்த மரம், பெருங்காற்றில் சாய்ந்துவிடும் என்று வெட்டுவதற்குப் பேச்சு நடக்கிறது என்று அங்கே கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து மனசே சரியில்லை.

சோலைவாசி

கூடேதான், சந்தேகம் வேண்டாம். சிவப்புக் கண் என்றால் ஆண். பெண்ணுக்கு வெள்ளைக் கண். மேற்குத் தொடர்ச்சி மலையில் டிசம்பர், ஜனவரி வாக்கில் பெண் பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். அடைப்பது ஆண் இல்லை, பெரும்பாலும் பெண்ணேதான், தன் எச்சத்தையும் பழச் சக்கையையும் அலகால் அப்பி அப்பி அலகு நுழையும் அளவுக்குப் பிளவு மட்டும் விடும். காய்ந்தால் கெட்டியாகிவிடும். ஒன்று அல்லது இரண்டு முட்டை, அடைகாக்க ஏறக்குறைய 40 நாள். குஞ்சு ஓரளவு வளர்ந்ததும் அம்மா அடைப்பை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும், குஞ்சு உள்ளேயிருந்து மறுபடி அடைத்துக்கொள்ளும், அப்புறம் இரண்டு பேருமாக ஊட்டுவார்கள். பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு ஒரே ஒரு குஞ்சுதான் வெளியே பறக்கும்.

வாட்ஸ்அப் கதையில் பாதிதான் சரி. பெண் கைதி இல்லை, அடைப்பை அதுவே உடைக்க முடியும். ஆனால் உள்ளே இருக்கும் காலத்தில் இறகை உதிர்த்துப் புதிதாக முளைக்கவிடுகிறது, முழுக்க ஆணை நம்பித்தான் இருக்கிறது. ஆண் வராமல் போனால் அந்த வருடக் குஞ்சு அநேகமாகப் போச்சு.

போட்டோ குழுவில் தயவுசெய்து போடாதீர்கள். இடம் தெரிந்தால் ஒருவர் இருவர் இல்லை, கார் காராக வருவார்கள். மரத்தடியில் ஆள் நின்றால் ஆண் தொண்டை நிறையப் பழத்தை வைத்துக்கொண்டு தள்ளி ஒரு கிளையில் உட்கார்ந்தே இருக்கும், கூட்டுப் பக்கம் வராது. நாம் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உள்ளே இருப்பதற்குச் சாப்பாடு இல்லாத மணி நேரம். எடுத்த படத்தைக்கூட சீசன் முடிந்த பிறகு, இடம் பெயர் இல்லாமல் போடுங்கள்.

எஸ்டேட்_பையன்

நான் பிறந்து வளர்ந்தது வால்பாறைப் பக்கம்தான். இந்தப் பறவை வருவது கண்ணுக்கு முன்னால் காதுக்குத் தெரியும், பழைய கரி இன்ஜின் மூச்சு விடுவது மாதிரி இறக்கைச் சத்தம். எங்கள் தாத்தா காலத்தில் இதன் கொழுப்பு மூட்டுவலிக்கு நல்லது என்று சுட்டிருக்கிறார்கள். இப்போது அது ரொம்பக் குறைந்துவிட்டது, ஆனால் மரம் போவது நிற்கவில்லை.

அண்ணா, பொந்து விழுந்த மரம் வீண் மரம் என்று நினைப்பதுதான் இங்கே பெரிய பிரச்சினை. இருவாச்சிக்கு அந்த மரம்தான் வேண்டும். அலகால் மரத்தைக் குடைய அதற்கு முடியாது. வெடிப்பலா, நாங்கு, பாலி மாதிரி மரம் ஓங்கி வளர்ந்து, ஒரு பெரிய கிளை முறிந்து, அந்தக் காயம் உள்ளே மக்கி, 1 மீட்டருக்கு மேல் நீளமான இந்தப் பறவை திரும்பி உட்காரும் அளவுக்குப் பொந்தாக வேண்டும். அதற்கு எத்தனை தலைமுறை ஆகும்? நல்ல பொந்து என்றால் வருடா வருடம் அதே இடத்துக்கு வரும். அதை வெட்டிவிட்டு நூறு சில்வர் ஓக் நட்டாலும் ஈடாகாது. சில்வர் ஓக்கில் தின்னப் பழமும் கிடையாது.

பழம் என்றதும் ஞாபகம் வருகிறது. அத்தி வகைகள்தான் இதற்கு முக்கியச் சாப்பாடு, கூடு வைக்கும் காலத்தில் கருங்குங்கிலியம், காட்டு ஜாதிக்காய் இதெல்லாமும் கொண்டுவரும். பெரிய கொட்டையை விழுங்கி, சதையை எடுத்துக்கொண்டு, எங்கோ தூரத்தில் துப்பிவிடும். கூட்டு மரத்தின் அடியில் பாருங்கள், கொட்டைகள் குவிந்து கன்றுகள் முளைத்திருக்கும். இவ்வளவு பெரிய கொட்டையைத் தூக்கிக்கொண்டு தேயிலையைத் தாண்டி அடுத்த காட்டில் போட வேறு பறவைகள் குறைவு.

பரம்பிக்குளம்_ராஜி

பெட்டிக் கூடு செய்து மாட்டினால் என்ன? சிங்கப்பூரில் அப்படித்தான் இருவாச்சி பெருகியது என்று படித்தேன்.

சோலைவாசி

ராஜி அக்கா, அங்கே பெருகியது இதைவிடச் சின்ன இன்னொரு இருவாச்சி, அதுவும் நகரப் பூங்காக்களில். தாய்லாந்திலும் செயற்கைக் கூடு வைக்கிறார்கள், பயன் இருக்கிறது. பொந்து மரம் ஏற்கெனவே போய்விட்ட இடத்துக்கு அது சரி. நிற்கிற மரத்தை வெட்டிவிட்டுப் பெட்டி மாட்டலாம் என்று யாரும் கணக்குப் போடக்கூடாது.

எனக்கு அதிகம் நம்பிக்கை தருவது பக்கத்திலேயே நடந்திருக்கிறது. கேரளத்தில் வாழச்சால் காட்டில், முன்பு குஞ்சை எடுத்துவந்த காடர் பழங்குடி மக்களே இப்போது கூடுகளுக்குக் காவல். எந்த மரத்தில் எந்தப் பொந்து என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. அருணாசலப் பிரதேசத்தில் பக்கேயில் நிஷி கிராமத்தவர்களும் அப்படித்தான், வெளியூர்க்காரர்கள் ஒரு கூட்டைத் தத்தெடுத்துப் பணம் தர, அதில் கூட்டுக் காவலர்களுக்குச் சம்பளம். 2018 முதல் பெரிய இருவாச்சி உலக அளவில் அழிய வாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. அதன் பிழைப்பு இந்த மாதிரி ஒவ்வொரு மரமாகத்தான் நடக்கும்.

மரம் வெட்டும் விஷயத்துக்கு வருகிறேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இது முதல் அட்டவணைப் பறவை, அதாவது மிக உயர்ந்த பாதுகாப்பு உள்ள பட்டியலில் இருக்கிறது. அந்தச் சட்டப்படி காட்டுப் பறவையின் கூட்டைக் கலைப்பதே வேட்டைக் கணக்கில் வரும். அதோடு தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் அனுமதி இல்லாமல் மரம் வெட்டக்கூடாது என்று 1955லேயே சட்டம் இருக்கிறது. நாளைக்கே வனச்சரக அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். தேதி, நேரம், ஆண் ஊட்டியதைப் பார்த்த விவரம், தூரத்திலிருந்து எடுத்த ஒரு படம், மரம் நிற்கும் இடம் எல்லாம் அதில் இருக்கட்டும்.

எஸ்டேட்_பையன்

அதற்கு முன்னால் தோட்ட மேலாளரிடமும் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள் அண்ணா. கூடு இருப்பது அவருக்குத் தெரியாமலேயே இருக்கலாம். விழுந்துவிடும் என்ற பயம் நியாயமானதும்கூட, கீழே ஆட்கள் வேலை செய்கிறார்கள். பாதையைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம், சாய்கிற பக்கத்துக் கிளையைக் குஞ்சு பறந்த பிறகு கழிக்கலாம், முழு மரத்தையும் எடுக்க வேண்டியதில்லை. அந்த அக்கா பெயரை மட்டும் எங்கேயும் சொல்லிவிடாதீர்கள்.

மலைக்காற்று

ரொம்ப நன்றி எல்லோருக்கும். குழுவில் இடம் சொல்ல மாட்டேன் என்று எழுதிவிட்டேன். அக்கா பெயர் எங்கும் வராது. மேலாளரின் எண் தங்குமிடத்தில் கிடைத்தது, காலையில் கூப்பிடுகிறேன். வனச்சரகத்துக்கான கடிதத்தை இப்போதே எழுதுகிறேன், அனுப்பும் முன் சோலைவாசி ஒருமுறை படித்துப் பார்க்க முடியுமா?

சோலைவாசி

தனிச் செய்தியில் அனுப்புங்கள். இடம் இருப்பதால் இங்கே ஒட்ட வேண்டாம்.