நுனால்லெக் மரச்சாமான்: ஈரத்துல ஸ்கேனா, காய்ஞ்சப்புறமா?

கரைமண்:
"பதப்படுத்திக் காயவைச்சப்புறம் முப்பரிமாண ஸ்கேன் எடுத்தா போதும், ஈரத்துல எடுக்கிறது வெட்டிவேலை"ன்னு பக்கத்து இழையில ஒருத்தர் தீர்ப்பு எழுதியிருக்கார். அலாஸ்காவில் குவின்ஹாகாக் பக்கம், பெரிங் கடலோரத்துல இருந்த, யூப்பிக்ங்கிற பழங்குடி மக்களோட பழைய கிராமம் நுனால்லெக். 2009லேர்ந்து தோண்டுறாங்க. முகமூடி, பொம்மை, கத்திப்பிடி எல்லாம் உறைமண் காப்பாத்தின மரம். காயும்போது வெளியேறுற தண்ணியே செல் சுவரை இழுத்துச் சரிச்சிடும். பொம்மை முகத்துல நகக்கீறல் மாதிரி இருக்கிற செதுக்குத் தடம் போனப்புறம் எதை ஸ்கேன் பண்றது?

ஒளிவட்டம்:
எழுதினது நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். ஈர மரம் மின்னும். சுழல்மேசையில பொருள் திரும்பும், மினுக்கு நின்ன இடத்துலயே நிக்கும். படங்களைச் சேர்த்து முப்பரிமாண மாதிரி செய்யற மென்பொருள் அதையும் மரம்னு நம்பி இல்லாத மேடுபள்ளம் போட்டுடும்.

கரைமண்:
அதுக்குத்தான் குறுக்கு போலரைசேஷன், மினுக்கை வடிகட்டுற முறை. ப்ளாஷ் முன்னாடி போலரைசிங் தாள், லென்ஸ்ல ஃபில்டர், ரெண்டுக்கும் நடுவுல 90 டிகிரி. கேமரா அமைப்பு எஃப்/11, ஐஎஸ்ஓ 100. 10 டிகிரிக்கு ஒண்ணுன்னு சுற்றுக்கு 36 படம், மூணு உயரத்துல 108. கவிழ்த்து வச்சு இன்னொரு 108. அளவுப்பட்டை கூடவே இருக்கணும்.

ஒளிவட்டம்:
216 படம் முடியற வரைக்கும் மரம் உங்களுக்காகக் காத்திருக்குமா? ஓரம் காய்ஞ்சு வளைஞ்சா முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் ஒட்டாது. விளிம்பு ரெட்டையா வரும்.

நடுவழி:
பாதுகாக்கிறதுன்னா பொருளையா, பதிவையா? முதல்ல அதைச் சொல்லுங்க.

கரைமண்:
ஒளிவட்டம், சுற்றுக்கு நடுவுல காய்ச்சி வடிச்ச தண்ணி தெளிச்சு, துளியை ஒத்தி எடுக்கணும். தந்தச் சாமான் ஸ்கேன் பத்தின இழையிலயும் இப்படித்தான் பாதி படிச்சுட்டு வந்தீங்க.

ஒளிவட்டம்:
தந்தத்துக்குள்ள ஒளி ஊடுருவும், லேசர் அளவு பிசகும்னு சொன்னேன். இன்னிக்கும் அதேதான். பழசைக் கிளறாதீங்க.

புல்கூடை:
பின்னின புல்கூடையை மறந்துட்டீங்க. கேமரா எட்டாத இடுக்கையெல்லாம் மென்பொருள் அடைச்சு, கூடையைச் சட்டியாக்கிடும்.

கரைமண்:
கூடைக்குத் தனி இழை போடுங்க. இங்க பேச்சு மரம்.

நடுவழி:
2018ல குவின்ஹாகாக்லயே அருங்காட்சியகம் திறந்தாச்சு. எந்த முப்பரிமாண மாதிரியைப் பொதுவுல போடலாம்னு ஊர்க்காரங்கதானே சொல்லணும்?

கரைமண்:
சொல்லட்டும். அதுக்கு மாதிரி இருக்கணுமே! 2025 அக்டோபர்ல ஹாலோங் புயலோட மிச்சம் அடிச்சுக் கரை பெயர்ந்து, சாமானெல்லாம் கடற்கரையில சிதறுச்சு. நல்ல தண்ணியில ஊறவைச்சு உப்பு எடுக்கணும், மரத்துக்குள்ள தண்ணி இருந்த இடத்தை நிரப்புற மெழுகு மாதிரியான பாலி எத்திலீன் கிளைக்கால் ஏத்தணும், உறையவைச்சு உலர்த்தணும். மாசக்கணக்காகும். அதுவரைக்கும் ஒரு படம்கூட வேணாமா?

ஒளிவட்டம்:
படம் எடுங்க. அதை அளவெடுத்த முப்பரிமாண மாதிரின்னு சொல்லாதீங்க. மினுக்கு மினுக்குதான்.

கரைமண்:
90 டிகிரி. திரும்பப் படிங்க.