துடிப்பா, துடியா, நாடியா?

அன்புள்ள குழுவினருக்கு,
டொரோண்டோவில் பழைய நீர் ஸ்கூட்டர்களைப் பழுதுபார்க்கும் பணிமனை ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்காக, 1990களின் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களின் எரிபொருள் கோளாறுகள் பற்றிய கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். வடிகட்டி, கார்புரேட்டர் எல்லாம் கடந்து 'பல்ஸ் லைன்' என்பதில் நிற்கிறேன். பிஸ்டன் ஏறி இறங்கும்போது அதற்குக் கீழுள்ள கிராங்க் அறையில் கூடிக் குறையும் அழுத்தத்தை, எரிபொருள் பம்பின் சவ்வுக்குக் கொண்டுசெல்லும் சிறு ரப்பர்க் குழாய் அது. அதில் பெட்ரோல் ஓடுவதில்லை. பெட்ரோல் தேங்கியிருந்தால் சவ்வு கிழிந்துவிட்டது என்று பொருள். பெயரே இதை உணர்த்தினால் நல்லது.

மதுரையிலிருந்து:
நாடிக்குழாய் எனலாமே. எஞ்சினின் நாடியைப் பம்பு பிடித்துப் பார்க்கிறது. 'நோய்நாடி நோய்முதல் நாடி' என்ற குறளும் பழுதுபார்ப்போருக்குப் பொருந்தும்.

தஞ்சையிலிருந்து:
குறளில் வரும் 'நாடி' வினையெச்சம். கையில் பிடித்துப் பார்க்கும் நாடி வடசொல். அதற்கு வடமொழியில் குழாய் என்றே பொருளுண்டு. ஆகவே நாடிக்குழாய் என்பது 'கேட்டுக்கதவு' போலக் குழாய்க்குழாய் ஆகிவிடும். நான் முன்மொழிவது துடிக்குழாய். துடியாகிய உடுக்கைக்கு இருபுறமும் தோல். ஒருபுறம் அடிக்க, உள்ளிருக்கும் காற்று அதிர்ந்து மறுபுறத் தோலையும் அசைக்கிறது. பம்பின் சவ்வு அசைவதும் இவ்வாறே அன்றோ? துடியிடை என்று பாடியவர்கள் இடையின் மெலிவை மட்டும் பார்த்தார்கள். நாம் அதன் இயக்கத்தைப் பார்ப்போம்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
ஐயா, துடியின் அழகை மறுக்கவில்லை. ஆனால் உடுக்கையைக் கண்டிராத பிள்ளைக்கு அது எதை விளக்கும்? அழுத்தக்குழாய் என்று எளிமையாக வைத்தால் என்ன?

டொரோண்டோவிலிருந்து மீண்டும்:
அழுத்தக்குழாய் தவறாக வழிகாட்டும். ஒரு சுற்றில் பாதி நேரம் உறிஞ்சல்தான். அந்த உறிஞ்சலில் சவ்வு பின்வாங்கும்போதே தொட்டியிலிருந்து எரிபொருள் பம்புக்குள் வருகிறது. மேலும், இக்குழாயில் வெடிப்பு விழுந்தால் பம்பு தளர்வதோடு, கிராங்க் அறைக்குள் வெளிக்காற்றும் புகுந்து, கலவையில் பெட்ரோலின் பங்கு குறைந்து, பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு இறுகிவிடக்கூடும். சும்மா நிற்கையில் ஓடும் வண்டி, முடுக்கினால் மூச்சுமுட்டுகிறது என்றால், கார்புரேட்டரின் திருகுகளில் கைவைப்பதற்கு முன் இக்குழாயையும், கார்புரேட்டருக்குள் இருக்கும் சிறு வலைவடிகட்டியையும் பார்க்க வேண்டும். துடிப்புக்குழாய் என்றால் இருபக்க அசைவும் அடங்கும் என்று தோன்றுகிறது.

மதுரையிலிருந்து:
துடிப்பு எனக்கு ஏற்புடையதே. நாடியைக் கைவிடுகிறேன், குறளை அல்ல.

யாழ்ப்பாணத்திலிருந்து:
ஏற்கிறேன். ஆனால் முதல்முறை வரும் இடத்தில் 'பல்ஸ் லைன்' என்பதையும் தமிழெழுத்தில் சேருங்கள்; உதிரிபாகக் கடையில் பிள்ளைகள் கேட்கப்போவது அதைத்தான்.

தஞ்சையிலிருந்து:
பெரும்பான்மை துடிப்பின் பக்கம் என்பதால் கையேட்டில் அப்படியே இருக்கட்டும். 'ப்பு' என்ற விகுதி இங்கே வெறும் சுமை என்பது என் கருத்து. என் குறிப்பேட்டில் துடிக்குழாய் என்றே எழுதிவைத்திருக்கிறேன். 'சவ்வு' என்ற சொல்லைப் பற்றியும் எனக்கு ஐயமுண்டு, வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன்.