தூத்துக்குடி – சேலம்: பறக்கும் நேரம் 40 நிமிடம், டிக்கெட் தேடினால் அரை நாள். எது சரி?

தண்டையார்பேட்டை தம்பி:
அக்கா தூத்துக்குடியில் இருக்கிறாள். அவள் மகளுக்குச் சேலத்தில் இந்த மாதக் கடைசியில் பிரசவம். அக்காவுக்கு இடுப்பு வலி. பெல்ட் கட்டிக்கொண்டுதான் அடுப்படியிலேயே நிற்கிறாள், பஸ்ஸில் ஏழு மணி நேரமெல்லாம் உட்கார முடியாது. விமானத்தில் அனுப்பலாம் என்று போனில் பார்த்தேன். வாகைகுளத்திலிருந்து (தூத்துக்குடி விமான நிலையம்) காமலாபுரத்துக்கு (சேலம் விமான நிலையம்) 340 கி.மீ., 40 நிமிடம் என்று வருகிறது. ஆனால் டிக்கெட் தேடினால் சென்னையில் மாறச் சொல்கிறது. நான் தப்பாகத் தேடுகிறேனா?

காசிமேடு விசைப்படகு:
தம்பி, தேடினதில் தப்பில்லை. அந்த 40 நிமிடம் வெறும் கணக்கு, அப்படி ஒரு விமானம் ஓடுவதில்லை.

கடலில் நாங்கள் ஜி.பி.எஸ். பார்த்துப் போடுகிற அதே கணக்குதான். வாகைகுளம் வடக்கு 8.72 டிகிரி, காமலாபுரம் 11.78. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில், 78 டிகிரி பக்கம் இருக்கின்றன. அதாவது நேர் வடக்கே ஒரு கோடு. வித்தியாசம் 3.06 டிகிரி. டிகிரிக்கு 60 கடல் மைல் என்றால் 184 வரும், ஒரு கடல் மைல் 1.852 கி.மீ., ஆக 340. இந்த இரண்டு ஊருக்கும் வருகிற ‘ஏ.டி.ஆர். 72’ என்ற சின்ன விமானம், மணிக்கு ஏறக்குறைய 500 கி.மீ. வேகத்தில் போகும். வகுத்துப் பாருங்கள், 40 நிமிடம். ஓடுதளத்தில் உருண்டு, மேலே ஏறி, சுற்றி இறங்குகிற நேரம் அதில் சேரவில்லை. நேரடி விமானம் விட்டாலும் ஒரு மணி நேரம் ஆகும்.

சென்னை வழியாகப் போனால் முதலில் 525 கி.மீ., அப்புறம் 265 கி.மீ., மொத்தம் 790. நடுவில் காத்திருப்பு வேறு.

தண்டையார்பேட்டை தம்பி:
புரிந்தது அண்ணா. அப்படியென்றால் அக்காவை இங்கே சென்னைக்கு வரவழைத்து, ஒரு ராத்திரி எங்கள் வீட்டில் படுக்க வைத்து, மறுநாள் அனுப்பினால்?

திருவொற்றியூர் தேரடி:
தம்பி, நானும் முதுகுவலிக்காரிதான், அதனால் சொல்கிறேன். மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து தண்டையார்பேட்டைக்கு மெட்ரோ மாறாமல் வந்துவிடலாம், சரி. ஆனால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், மறுநாள் அதே தூரம் திரும்பவும். காமலாபுரத்தில் இறங்கினாலும் சேலம் ஊருக்குள் போக இன்னும் இருபது கிலோமீட்டர் பக்கம். இடுப்புக்கு வலி தருவது தூரம் இல்லை, உட்காருவதும் எழுவதும்தான்.

தூத்துக்குடி – மைசூரு எக்ஸ்பிரஸ் பாருங்கள். சாயங்காலம் கிளம்பி, நள்ளிரவு தாண்டி சேலம் வரும். ஒரே வண்டி, படுத்துக்கொண்டே போகலாம். 45 வயது தாண்டிய பெண்களுக்குக் கீழ் பெர்த் ஒதுக்கீடு உண்டு. பதிவு செய்யும்போது அந்த ஒதுக்கீட்டையே தேர்ந்தெடுங்கள், பொதுவில் போட்டால் மேல் பெர்த் விழவும் கூடும். இறங்குவது நடுராத்திரி என்பதால் ஸ்டேஷனுக்கு ஆள் வரச் சொல்லுங்கள். போனில் அலாரமும் வைக்கச் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை தம்பி:
ரொம்ப நன்றி அக்கா. இப்போதுதான் போட்டேன், கீழ் பெர்த் உறுதியாகிவிட்டது. மாப்பிள்ளை பிளாட்பாரத்துக்கே வந்துவிடுகிறேன் என்றார். பெட்டியைத் தூக்க வேண்டாம், துணிப்பை மட்டும் எடுத்துக்கொள் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். பேறுகால மருந்துச் சாமானை நானே இங்கிருந்து சேலத்துக்கு அனுப்பிவிடுகிறேன்.