புதுப்பிப்பு: மொட்டைமாடியில் 5ஜி, அடுக்களையில் ஏன் இல்லை?

மொட்டைமாடியில் பறக்கும் 5ஜி அடுக்களைக்குள் போனதும் 4ஜி ஆகிவிடுகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். சிலர் சிம்மை மாற்றச் சொன்னீர்கள். காரணம் தெரிந்துவிட்டது.

மாடியில் கிடைப்பது என்78 (n78) என்ற 5ஜி அலைவரிசை, அதாவது 3300 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலை. நீளம் சுமார் 9 சென்டிமீட்டர்தான். வேகம் அள்ளித் தரும், ஆனால் கான்கிரீட் சுவரைத் தாண்டுவதற்குள் துவண்டுவிடும். 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 43 சென்டிமீட்டர், அதுதான் வீட்டுக்குள் நன்றாக நுழையும். இந்த அலைவரிசைக்குப் பெயர் என்28 (n28). என் சிம் நிறுவனத்திடம் அது உண்டு. ஆனால் மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து தந்த என் போனின் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், போன் பிடிக்கும் அலைவரிசைகளின் பொடி எழுத்துப் பட்டியலில் என்28 இல்லவே இல்லை!

அதே சிம்மைத் தங்கையின் போனில் போட்டேன். அடுப்பு மேடை அருகிலேயே 5ஜி வந்துவிட்டது. சிம்மை மாற்றச் சொன்னவர்களே, கொஞ்சம் பொறுங்கள், முதலில் பெட்டியைப் பாருங்கள்.