'நிறை நிறமாலைமானி'யில் நிறம் எங்கே?

நண்பர்களே,

அணுக்களை நிறைப்படி பிரித்துக் காட்டும் கருவியான மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குப் பாடநூலில் உள்ள 'நிறை நிறமாலைமானி'யே போதும் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒளி பிரிந்து சிவப்பு முதல் ஊதா வரை நிற்பதைப் பார்த்து வைத்த பெயர் நிறமாலை. அழகான பெயர்தான், ஆனால் இந்தக் கருவி ஒளியைப் பிரிப்பதே இல்லை. அணுவிலிருந்து எலக்ட்ரானைத் தட்டிவிட்டு அயனியாக்கி, மின்னழுத்தம் கொடுத்து விரட்டி, காந்தப்புலத்துக்குள் விடுகிறோம்; இலேசானது அதிகம் வளையும், கனமானது குறைவாக வளையும்.

நியானையே பாருங்கள். 1913 வாக்கில் இயற்பியலாளர் ஜே. ஜே. தாம்சனின் ஒளிப்படத் தட்டில் நிறை 20-க்கு ஒரு வளைகோடு, 22-க்கு மங்கலாக இன்னொன்று என்று இரண்டு விழுந்தன. முதல் உலகப்போர் முடிந்து 1919-இல் அவருடைய உதவியாளராக இருந்த ஆஸ்டன் இன்னும் துல்லியமான கருவியைக் கட்டி, இரண்டுமே நியான்தான் என்று காட்டினார். அவர் தட்டில் இருந்தவை நிறைப்படி வரிசையாக நின்ற கோடுகள். வரிசைக்கு நம்மிடம் 'நிரல்' இருக்கிறதே! அதனால் அந்தக் கோட்டு வரிசைக்கு நிறைநிரல், கருவிக்கு நிறைநிரல்மானி என்கிறேன்.

நிரல் என்றால் கணினி நிரல் ஆகிவிடாதா என்று கேட்பீர்கள். ஆகாது, நிரல்படுத்து, நிரல்நிறை அணி என்று அந்தச் சொல் கணினிக்கு வெகுகாலம் முன்பே வரிசையைத்தான் குறித்தது.

எனக்கு உறுத்துவது 'நிறை'தான். தமிழ்நாட்டில் அது மாஸ். இலங்கைப் பாடநூல்களில் நிறை என்றால் எடை, மாஸுக்குத் திணிவு. அவர்கள் திணிவுநிரல்மானி என்று எழுதட்டும், பின்பாதி பொதுவாக இருந்தால் போதும். ஐசோடோப்புக்கும் (ஒரே தனிமத்தின் நிறை வேறுபட்ட அணு) இங்கே ஓரிடத்தான், அங்கே சமதானி. இரண்டுமே 'தனிம அட்டவணையில் ஒரே இடம்' என்ற மூலச்சொல்லின் பொருளை விடவில்லை, அதனால் அதில் கைவைக்க வேண்டாம்.

அப்புறம், கருவி உண்மையில் பிரிப்பது வெறும் நிறையை அல்ல, நிறையை மின்னூட்டத்தால் வகுத்து வருவதை. இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆர்கான்-40 (40/2 = 20), ஓர் எலக்ட்ரானை மட்டும் இழந்த நியான்-20 நிற்கும் இடத்திலேயே வந்து நிற்கும். அதே போல இரட்டை மின்னூட்டம் பெற்ற கார்பன் டைஆக்சைடு (44/2) 22-இல் நிற்கும். நியான் ஓரிடத்தான்களை அளப்பவர்களுக்கு இது அன்றாடத் தொல்லை. மாணவருக்கு இதைச் சொல்லாமல் 'நிறை' என்று மட்டும் எழுதினால் தவறாகவே புரிந்துகொள்வார். கருவியின் பெயரில் இதையும் திணிக்க முடியாது, சரி. ஆனால் வரைபடத்தின் கிடை அச்சில் எழுத ஒரு சிறு சொல் வேண்டும். 'நிறை-மின்னூட்ட விகிதம்' நீளம். 'மின்பங்கு நிறை' என்று ஒன்று தோன்றியது, எனக்கே முழுத் திருப்தி இல்லை. இதைவிட நல்லது இருந்தால் எழுதுங்கள்.