எம்பிபிஎஸ் லீவு: பெங்களூருவிலிருந்து ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்கு

இறுதியாண்டு மாணவி, ஹாஸ்டல்

மெடிக்கல் காலேஜ் லீவு கையில் வரும்வரை நிச்சயமில்லை. யூனிவர்சிட்டி எக்ஸாம் டைம்டேபிள் நகர்ந்தால் லீவும் கூடவே நகரும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது காலண்டர் இல்லை, அட்டெண்டன்ஸ். தியரிக்கு 75 சதவீதம், பிராக்டிகலுக்கும் கிளினிக்கலுக்கும் 80 சதவீதம் இருந்தால்தான் பரீட்சை எழுத விடுவார்கள். லீவுக்கு முன்னால் ஒரு நாள், பின்னால் ஒரு நாள் சேர்த்துக்கொள்ள நினைப்பவர்கள் மொத்த சதவீதத்தைப் பார்த்து ஏமாறுகிறார்கள். கணக்கு ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனி. கண், ஈஎன்டி மாதிரி சின்ன போஸ்டிங்கில்தான், அதாவது வார்டு பயிற்சியில்தான், அடி விழும். 24 நாள் போஸ்டிங் என்றால் நான்கு நாள் வரைதான் விடலாம், ஐந்தாவது நாளில் 80-க்குக் கீழே போய்விடும். ஜுரம் வந்தாலும் அந்த நான்குக்குள்தான் அடங்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

இன்டர்ன்களுக்கு நிலைமை வேறு. ஒரு வருடம் முழுவதற்கும் சேர்த்து 15 நாள்தான் லீவு, அதுவும் முன் அனுமதியோடு. அதைத் தாண்டினால் இன்டர்ன்ஷிப் முடியும் தேதி தள்ளிப்போகும், பிஜி (மேற்படிப்பு) கவுன்சிலிங் நேரத்தில் அது இடிக்கும். அக்கா கல்யாணம், தாத்தா சதாபிஷேகம் மாதிரி முன்கூட்டியே தெரிந்த விசேஷங்களுக்கு நாள் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைத் தொடாமல் வையுங்கள்.

ரயில் விவரம் பார்ப்பவர், பையப்பனஹள்ளி

டிக்கெட் விஷயம். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. அதற்கு முன் 120 நாள் இருந்தது, அந்தப் பழைய நினைப்பில் இன்னும் பல வீடுகள் இருக்கின்றன. காலை 8 மணிக்குத் திறக்கும். தீபாவளி, பொங்கல் சமயத்தில் மதுரை, திருநெல்வேலிப் பக்கம் போகும் வண்டிகள் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். தட்கல் பயண நாளுக்கு முந்தைய நாள் ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்த்த ஐஆர்சிடிசி கணக்கில்தான் ஆன்லைன் தட்கல் எடுக்க முடியும். ஓடிபி ஆதாரோடு இணைந்த எண்ணுக்குத்தான் வரும். அந்த எண் ஊரில் அப்பா போனில் இருந்தால் காலை 10 மணிக்கு வார்டில் நின்றுகொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இதை லீவுக்கு ஒரு மாதம் முன்பே சரிசெய்துவிடுங்கள். கன்ஃபர்ம் ஆன தட்கலை ரத்து செய்தால் பணம் திரும்பாது. அதனால் எக்ஸாம் தேதி உறுதியாகாதவர்கள் 60-ஆவது நாளில் சாதாரண டிக்கெட் எடுத்து வைத்து, தேவைப்பட்டால் பல நாள் முன்னதாகவே ரத்து செய்வதுதான் குறைந்த நஷ்டம்.

அடுத்த பொறி, ஸ்டேஷன். பெங்களூரு என்று ஒரே ஸ்டேஷன் கிடையாது. மெஜஸ்டிக்கில் இருப்பது கேஎஸ்ஆர், கோடு எஸ்பிசி. கண்டோன்மென்ட் பிஎன்சி. யஷ்வந்த்பூர் ஒய்பிஆர். 2022-இல் திறந்த விஸ்வேஸ்வரய்யா டெர்மினல் எஸ்எம்விபி. மதுரை வந்தே பாரத்தும் கோவை வந்தே பாரத்தும் கண்டோன்மென்ட்டிலிருந்து கிளம்புகின்றன, மெஜஸ்டிக் போய் நின்றால் வண்டி கிடைக்காது. விஸ்வேஸ்வரய்யா டெர்மினலுக்கு மெட்ரோவில் போகிறவர்கள் பையப்பனஹள்ளியில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ பிடிக்க வேண்டும். பெட்டியோடு நடக்கிற தூரம் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை பஸ் எடுப்பவர்கள் சில்க் போர்டு, எலெக்ட்ரானிக் சிட்டி நெரிசலுக்குத் தனியாக நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் ஆண்டு மாணவர்

சார், பாட்டி தாத்தாவைக் கூட்டிக்கொண்டு வரும்போது லோயர் பெர்த் கிடைப்பதே இல்லை. மூன்று பேருக்கும் ஒரே டிக்கெட்டில்தான் எடுக்கிறோம். என்ன வழி?

ரயில் விவரம் பார்ப்பவர்

ஒரே டிக்கெட்டில் எடுப்பதுதான் காரணம், தம்பி. மூத்தோர் லோயர் பெர்த் கோட்டா 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் உண்டு. ஆனால் டிக்கெட்டில் ஒருவரோ இருவரோதான் இருக்க வேண்டும், அந்த இருவருமே தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டும். பேரன் பெயரைச் சேர்த்த உடனே கோட்டா போய்விடும். தாத்தா பாட்டிக்குத் தனி டிக்கெட் அந்தக் கோட்டாவில், உங்களுக்குத் தனி டிக்கெட் பொதுவில். வேறு வேறு பெட்டியில் விழுந்தாலும் பரவாயில்லை, ஏற்றி உட்கார வைத்துவிட்டு உங்கள் இடத்துக்குப் போகலாம். ஆன்லைனில் எடுத்த டிக்கெட் சார்ட் போட்ட பிறகும் வெயிட்டிங்கில் இருந்தால் தானாக ரத்தாகிவிடும், அதை நம்பி ஸ்டேஷனுக்கு வர வேண்டாம்.

ஜெனரல் மெடிசின் பிஜி

வீட்டுக்குப் போனதும் ஆரம்பிக்கும்: "நீதான் டாக்டராச்சே, இந்த மாத்திரை சரியா பார்." பதிவு இல்லாத மாணவர் மருந்து எழுதக் கூடாது, இருப்பதை நிறுத்தவும் கூடாது. அதில் வளைந்து கொடுக்காதீர்கள், பெரியப்பாவே கேட்டாலும் சரி. ஆனால் ஒரு மாணவர் முறையாகச் செய்யக்கூடிய, டாக்டருக்கே நேரம் கிடைக்காத வேலைகள் இரண்டு இருக்கின்றன. லீவில் ஒரு வாரம் வீட்டில் இருந்தால் இரண்டையும் முடித்துவிடலாம்.

முதலாவது, பிரஷர் பதிவு. மணிக்கட்டில் கட்டும் மெஷின் வேண்டாம், மேல்கைப் பட்டை உள்ளதை எடுங்கள். பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பை கையின் சுற்றளவில் 80 சதவீதமாவது சுற்றி வர வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும், இல்லாத பிரஷருக்கு மாத்திரை ஏறும். அளப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி, புகையிலை, வெற்றிலை கிடையாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால் தரையில் படிய, காலைக் குறுக்கே போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை நெஞ்சளவில் மேசை மேல். பாட்டியைப் பேசாமல் உட்கார வைப்பதுதான் கஷ்டமான பகுதி, டிவியையும் அணைத்துவிடுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். காலையில் மாத்திரைக்கும் காபிக்கும் முன், மாலையில் சாப்பாட்டுக்கு முன். ஏழு நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி. வீட்டு அளவில் 135/85 தொட்டால் அது உயர்வு, ஆஸ்பத்திரியில் வைத்திருக்கும் 140/90 இல்லை. 180/120 வந்து, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், கை கால் மரத்துப்போதல் எது இருந்தாலும் உடனே எமர்ஜென்சி. அப்படி எதுவும் இல்லையென்றால் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அளந்து, அன்றே அவர்களுடைய டாக்டரிடம் பேசுங்கள்.

இரண்டாவது, மாத்திரை டப்பா. எல்லா மாத்திரைப் பட்டைகளையும் ஒரு செய்தித்தாள் மேல் கொட்டுங்கள். ஃபிரிட்ஜ் கதவில் இருப்பது, சாமி அலமாரியில் இருப்பது, ஹேண்ட்பேக்கில் இருப்பது எல்லாம் வர வேண்டும். ஒரு தாளில் எழுதுங்கள்: கம்பெனிப் பெயர், பட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பெயர், மில்லிகிராம், எந்த வேளை, எந்த டாக்டர் கொடுத்தது. மூலப்பெயர் வரிசையைப் படிக்கும்போதுதான் ஒரே மருந்து இரண்டு தடவை போவது தெரியும். இருதய டாக்டர் பிரஷருக்குக் கொடுத்த டெல்மிசார்டான் தனியாக, இன்னொருவர் கொடுத்த டெல்மிசார்டான், அம்லோடிபின் சேர்ந்த மாத்திரை தனியாக. சர்க்கரைக்கு கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் சேர்ந்தது ஒன்று, பழைய மெட்ஃபார்மினும் கூடவே. கடையில் கேட்டு வாங்கிய மூட்டுவலி மாத்திரையில் டைக்ளோஃபினாக் அல்லது ஏசிக்ளோஃபினாக் இருக்கும். அது பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தைப் பாதிக்கும். கண்டுபிடித்ததைச் சிவப்பு மையில் வட்டமிட்டு அடுத்த கன்சல்டேஷனுக்கு அனுப்புங்கள், நீங்களாக எதையும் எடுத்துவிடாதீர்கள். காலாவதியானதை மட்டும் தனியாகப் பிரித்து, வீட்டாரிடம் காட்டிவிட்டு அப்புறப்படுத்தலாம்.

இல்லத்தரசி, அல்சூர்

தைராய்டு மாத்திரையையும் சேர்த்துச் சொல்லுங்க டாக்டர் தம்பி. எங்க பக்கத்துல பாதிப் பேர் காபியோடதான் போட்டுக்கிறாங்க.

ஜெனரல் மெடிசின் பிஜி

ரொம்பச் சரி அம்மா. வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும், காபிக்கும் டிபனுக்கும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். சேர்ந்தால் குடலில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தைராய்டு மருந்து ஏறாது. ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச் (தைராய்டு போதாதபோது கூடும் ஹார்மோன்) கூடித் தெரிந்து மைக்ரோகிராமைக் கூட்டும் முன், எப்படிப் போடுகிறார்கள் என்று கேட்க வேண்டும். பாட்டிலை அடுப்பு மேடையில் வைக்கக் கூடாது, சூடும் ஈரமும் ஆகாது.

இல்லத்தரசி, அல்சூர்

வர்ற பிள்ளைங்க முதல் ரெண்டு நாள் மத்தியானம் வரைக்கும் தூங்கட்டும்னு நாங்க விட்டுடறோம். அது சரியா? காபியும் ஹாஸ்டல்ல ஆறு ஏழு டம்ளர் குடிச்சிட்டு வீட்டுல திடீர்னு நிறுத்தினா தலைவலின்னு படுத்துக்குதுங்க.

இறுதியாண்டு மாணவி

காபி தலைவலிக்குக் காரணம் நிறுத்தியதுதான், ஆன்ட்டி. கடைசிக் காபிக்கு அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் தொடங்கும், இரண்டாவது நாள் உச்சத்தில் இருக்கும், ஒரு வாரம் வரை இழுக்கலாம். இரண்டு நாளுக்கு ஒரு முறை ஒரு டம்ளரைக் குறைத்துக்கொண்டே வந்தால் பெரும்பாலும் வராது. தூக்கத்தில், எழும் நேரத்தை வழக்கத்தைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளவிடாதீர்கள். சீக்கிரம் படுக்கட்டும், மதியம் அரை மணி கண் அசரட்டும். மத்தியானம் வரை படுத்தால் ராத்திரி இரண்டு மணிக்கும் தூக்கம் வராது, லீவு முடிந்து எட்டு மணி வார்டு ரவுண்ட்ஸில் அதன் பலன் தெரியும்.

படிப்பைப் பற்றி ஒன்றே ஒன்று. ஆங்கி ஆப்பில் கேள்வி-பதில் கார்டு வைத்துப் படிப்பவர்கள் லீவில் புதிய கார்டு எண்ணிக்கையைப் பூஜ்யமாக்குங்கள், ரிவ்யூ மட்டும் தினம் 15 நிமிடம். முழுக்க நிறுத்தினால் திரும்பி வரும்போது கார்டுகள் மலையாகக் குவிந்து, பார்த்த பயத்திலேயே ஆப்பை நீக்கிவிடுகிறார்கள். புத்தகம் எடுத்துப்போக வேண்டாம். கனம்தான் மிச்சம்.

மிருதங்கம் கற்பிப்பவர், மல்லேஸ்வரம்

வாத்தியம் வாசிக்கத் தெரிந்த மெடிக்கல் மாணவர்கள் நிறையப் பேர். லீவில் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் உண்டு. மாதக்கணக்கில் மூலையில் இருந்த மிருதங்கத்தை உறையிலிருந்து எடுத்ததும் கல்லால் தட்டிச் சுருதி ஏற்றாதீர்கள். முதலில் தோலைப் பாருங்கள். வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோலில், சாதம் என்கிற கறுப்புப் பூச்சு வெடித்து, தட்டும்போது இரைச்சல் வந்தால் அது வாத்தியம் செய்பவர் கையில் போக வேண்டியது. அல்சூர், மல்லேஸ்வரம் பக்கம் விசாரித்தால் கிடைப்பார்கள், ஆனால் அவர்களுக்குச் சில நாள் ஆகும். லீவின் முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.

சாதம் நன்றாக இருந்தால் தொப்பிக்கு, அதாவது இடப்பக்கத் தோலுக்கு, வாருங்கள். இரண்டு ஸ்பூன் சன்ன ரவையைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைந்து ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள். தோலை ஈரத்துணியால் துடைத்து, நடுவில் வட்டமாக அப்புங்கள், ஓரம் மெலிந்து வர வேண்டும். ரவை கூடினால் நாதம் இறங்கும், குறைந்தால் வெறும் தோல் சத்தம். வலந்தலைச் சுருதிக்குக் கீழ் ஸ்தாயியில் நின்றால் அளவு சரி. பெங்களூரு மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தில் தோல் தளரும், ஊரில் வெயிலில் இறுகும். அதனால் இங்கே சேர்த்த சுருதி அங்கே நிற்காது. பின்னலின் மேல் பக்கத்தைத் தட்டினால் ஏறும், கீழிருந்து மேலே தட்டினால் இறங்கும். ஒரே இடத்தில் பலமாக அடிக்காமல் பின்னலைச் சுற்றியுள்ள எல்லாக் கண்ணிலும் சமமாகச் சுற்றி வர வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கண்ணில் ஒரு சுருதி.

வாசித்து முடித்ததும் ரவையை அன்றே எடுத்துவிடுங்கள். காய்ந்துவிட்டால் தோலோடு உரிந்து வரும், எறும்பும் கரப்பானும் வேறு தேடி வரும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வாத்தியத்தை விட்டால் தோல் கிழிந்துபோகலாம். கைக்கும் ஒரு வார்த்தை: வார்டில் கை சுத்தம் செய்யும் ஹேண்ட்ரப் போட்டுப் போட்டு விரல் நுனி வறண்டு வெடித்திருக்கும். இரவு படுக்கும்போது தேங்காய் எண்ணெய் தடவுங்கள், வாசிக்கும் முன் தடவினால் விரல் வழுக்கும். முதல் சில நாள் 'த தி தொம் நம்' பாடத்தை முதல் காலத்தில் (மெதுவான வேகத்தில்) மட்டும் 20 நிமிடம் வாசியுங்கள். பழைய கோர்வைக்கு உடனே தாவினால் மணிக்கட்டு வீங்கும்.

பறவை பார்ப்பவர், ஜெயநகர்

குடும்பத்தோடு ஒரு நாள் போய்வர ரங்கனதிட்டு நல்ல இடம். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில், காவிரித் தீவுகளில் 1940-இல் அமைந்த சரணாலயம். மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், முதலை எல்லாம் படகிலிருந்து நெருக்கத்தில் தெரியும். குஞ்சு பொரிக்கும் பருவம் டிசம்பருக்குப் பிறகு. ஜூலை, ஆகஸ்டில் கேஆர்எஸ் (கிருஷ்ணராஜ சாகர்) அணை திறந்தால் வெள்ளத்தில் படகு நிறுத்திவிடுவார்கள், கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். பைனாகுலர் 8×42 போதும். 10 மடங்கு என்றால் படகு ஆட்டத்தில் உருவம் நடுங்கி, தாத்தாவுக்குத் தலை சுற்றும். 2023 ஆகஸ்ட் முதல் மைசூரு எக்ஸ்பிரஸ்வேயின் பிரதானப் பாதையில் பைக், ஆட்டோவுக்கு அனுமதி இல்லை. பைக்கில் பின்தொடரலாம் என்று நினைக்கும் மாணவர்கள் சர்வீஸ் ரோட்டில்தான் வர வேண்டும், நேரம் கூடும்.

நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் ஊருக்குள்ளேயே லால்பாக். மெட்ரோ பச்சைத் தடத்தில் லால்பாக் நிலையம். குடியரசு தின, சுதந்திர தின மலர்க்காட்சி வாரங்களில் மட்டும் தவிர்த்துவிடுங்கள், கூட்டத்தில் உட்கார இடம் கிடைக்காது.

மூன்றாம் ஆண்டு மாணவர்

தாத்தா இன்சுலின் போடுகிறார். ரயிலில் ஐஸ் பாக்ஸ் வேண்டுமா?

ஜெனரல் மெடிசின் பிஜி

இப்போது போட்டுக்கொண்டிருக்கும் வயலோ பேனாவோ என்றால் வேண்டாம். பெரும்பாலான இன்சுலின்கள் திறந்த பிறகு சுமார் நான்கு வாரம் வெளி வெப்பத்தில் தாங்கும், 30 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எத்தனை நாள் என்பதை அட்டையில் ஒரு முறை படித்துவிடுங்கள். ஐஸில் நேராக வைத்தால் உறைந்து கெட்டுவிடும், உருகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் வேலை செய்யாது. ஈரத்துணி சுற்றிய பையில், கைப்பையில் வையுங்கள், கார் டிக்கியிலோ ஜன்னலோரத்திலோ வேண்டாம். ஊசி போட்டுவிட்டு கேன்டீன் சாப்பாட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. சாப்பாடு கைக்கு வந்த பிறகுதான் ஊசி. பையில் குளுக்கோஸ் பொடியோ சர்க்கரையோ எப்போதும் இருக்கட்டும்.

லீவில் உங்களுக்கென்றும் ஒரு வேலை: ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. 0, 1, 6 மாதம் என்று மூன்று டோஸ். நடுவில் ஒன்று தவறியிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்டதைப் போட்டால் போதும். மூன்றாவது டோஸுக்கு ஒன்று இரண்டு மாதம் கழித்து ஆன்டிபாடி அளவு 10-க்கு மேல் இருக்கிறதா என்று பார்த்து, அந்த ரிப்போர்ட்டைப் போனிலும் சேமித்து வையுங்கள். வார்டில் தவறுதலாக ஊசி கையில் குத்திவிட்டால் முதலில் கேட்பது அதைத்தான்.