10 லிட்டர் கொம்புச்சாவுக்கு எந்த ஹீட்டர்? யோசனை சொல்லுங்களேன்

வணக்கம். வேளச்சேரியில் வாடகை வீடு. இரண்டு வருடமாக 3 லிட்டர் ஜாடியில் கொம்புச்சா (சர்க்கரை போட்டுப் புளிக்கவைக்கிற டீ) போடுகிறேன். (பீர் இல்லைங்க, அதை வீட்டில் காய்ச்ச இங்கே சட்டம் விடாது.) இப்போது ஒரே தடவையில் 10 லிட்டர் போட ஆசை.

கேஸ் அடுப்பு அம்மாவின் ராஜ்ஜியம். அதனால் 2000 வாட் ஹீட்டர் வைத்த ஸ்டீல் பாத்திரம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். 30 டிகிரி தண்ணீர் 90 டிகிரிக்கு வர 25 நிமிடம் போதும். ஆனால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். சமையலறையில் இருப்பதோ 6 ஆம்பியர் பாயிண்ட். போன மாதம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கெட்டிலைச் செருகி, பிளக் பழுப்பேறி, ஒரே கருகல் வாடை. ஓனரிடம் கெஞ்சித் தனி லைன் இழுப்பதா, 1000 வாட்டில் 50 நிமிடம் பொறுமையாக இருப்பதா?

அப்புறம் ஆறவைப்பது. டீ சூடாக இருந்தால், அதைப் புளிக்கவைக்கிற, மேலே மிதக்கிற அந்த வழவழப்பான ஆடை செத்துவிடும். மே மாதத்தில் டேங்க் தண்ணீரே சுடுகிறது, அதில் பாத்திரத்தை வைத்து என்ன பயன்? 4 லிட்டரில் டிகாஷன் மாதிரி திக்காக இறக்கி, மீதிக்கு ஃப்ரிட்ஜில் வைத்த கேன் தண்ணீர் ஊற்றலாமா? செய்து பார்த்தவர்கள் ருசி எப்படி என்று சொல்லுங்கள்.

ரிச்சி தெருவில் டெம்பரேச்சர் கன்ட்ரோலர் வாங்கியவர்கள் இருந்தால், எந்த மாதிரி சென்சார் என்றும் சொல்லுங்கள்.